மேலிருந்து வாசிக்கிறவள்

பாப்பா,

நேற்று நீ போனில் கேட்டதற்கு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு ஒரு மாதிரியாக இருந்திருக்கும். ஒரு வசனம் கேட்டால் ஒன்பது வசனம் எடுத்துப் போடுகிறவன் உன் அப்பா; அவனுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாய். போனை வைத்தபிறகு உன் அம்மாவிடம் சொன்னேன். "பேசுனா உங்க ரெண்டு பேருக்கும் சண்டையிலதான் முடியும். எழுதிக் குடுங்க, வெள்ளிக்கிழமை சாத்தூர் போறப்ப நான் கொண்டுபோறேன்" என்றாள். அவள் சொன்னது சரி. நான் பேசினால் குரல் உயர்ந்துவிடும், உயர்ந்ததும் நான் சொல்வதே சரி என்று எனக்கே தோன்றிவிடும். அதனால் எழுதுகிறேன். பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தால் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடு. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் முழுவதையும் வாசித்துவிடு.

போன மாதம் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் இறந்துபோன அந்த இரண்டு பெண்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் நினைவு ஆராதனை. அதில் செய்தி கொடுக்கச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்கள். நீ ஆயரான பிறகு துக்க வீட்டார் முன்னால் நின்று பேசப்போவது இதுதான் முதல் தடவை. "அப்பா, என்னோட வசனத்தையே எடுத்துப் பேசலாம்னு இருக்கேன். ஆரம்பம் சின்னதா இருந்தாலும் முடிவு நிறைவா இருக்கும்ங்கிறத. அந்த வீட்டுக்காரங்களுக்கு ஆறுதலா இருக்கும்ல? அதோட சேர்க்க இன்னும் ரெண்டு வசனம் உங்க நோட்டுல இருந்து சொல்லுங்க" என்றாய். பாப்பா, அந்த வசனத்தை அந்த வீட்டார் முன்னால் பேசாதே. நான் ஒருமுறை பேசினேன், அந்தப் பெண்களின் ஊரிலேயே, அதே மாதிரி ஒரு வீட்டில். அதை உன்னிடம் இத்தனை வருடம் மறைத்துவிட்டேன்.

நான் பிரஸ்ஸில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. திருத்தங்கலில் அந்த ஒரே பிரஸ்ஸில் முப்பத்தொரு வருடம் புரூப் பார்த்தேன். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு டப்பா எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். ஒரு ஒற்று விட்டுப்போனால்கூட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நான் வேதக்கோயிலுக்குப் போகிறவன் என்பதால் முதலாளி இன்னொரு வேலையும் தந்தார். வசனக் காலண்டருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு வசனம், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளுக்கு நூறு வசனம், இவற்றை நான்தான் பொறுக்கித் தர வேண்டும். முதலாளி சாமி கும்பிடுகிற இந்துக் குடும்பம். பைபிளைத் தொட்டதில்லை, ஆனால் வியாபாரம் தெரிந்தவர். "வாத்தியாரே, குத்துற வசனம் வேண்டாம். காலைல எந்திரிச்சுத் தாளைக் கிழிக்கிறவனுக்கு மனசு குளுந்துபோகணும். ரெண்டு வரிக்கு மேல போகக்கூடாது" என்பார். நானும் ஒத்தவாக்கிய அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆசீர்வாதம், சமாதானம், பெருகும் என்று வார்த்தை வார்த்தையாகத் தேடுவேன். இரண்டு வரிக்குள் அடங்குவதை நோட்டில் எழுதுவேன். "ஆனால்" என்று தொடங்குவதை விட்டுவிடுவேன். "நீங்கள் கீழ்ப்படிந்தால்" என்று முன்பாதி இருந்தால் அதை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வேன். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அட்டையில் அதற்கு இடமும் கிடையாது.

இந்த நோட்டைத்தான் நீ கேட்கிறாய். நீ இறையியல் கல்லூரியில் முதல் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்தபோது, பைபிளில் ஒவ்வொரு புத்தகத்தையும் யார் எழுதினார், எந்தக் காலத்தில், எந்தக் கூட்டத்துக்காக எழுதினார் என்று ஆசையாகச் சொல்லத் தொடங்கினாய். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "வேதத்தை அறுத்துப் பாக்கவா உன்னை அனுப்பினேன்?" என்று கத்தினேன். நீ அழுதாய். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அறுத்துக்கொண்டிருந்தவன் நான், பாப்பா. நீ தைக்கத்தான் பார்த்தாய். அந்த வார்த்தைக்காக இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இனி உன் அட்டைக்கு வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது நீ பேசத் திக்குவாய். பள்ளியில் பெயர் சொல்லச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாய், பிள்ளைகள் சிரிப்பார்கள், வீட்டுக்கு வந்து பையை மூலையில் எறிவாய். அந்தப் புத்தாண்டுக் காலை ஆராதனையில் எல்லோரும் வரிசையாக வந்து, அந்த வருடத்துக்குக் கடவுள் தருகிற வாக்கு என்று, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டையில் ஒன்றை எடுத்தார்கள். நீ எடுத்ததைத் திருப்பிப் பார்த்தாய். ஆரம்பம் சின்னதாக இருந்தாலும் முடிவு மிகவும் பெரிதாகும் என்ற பொருளில் இரண்டு வரி. உன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அந்த அட்டை உன் படிப்பு மேசையில் இருந்தது, விடுதிப் பெட்டியில் இருந்தது, கல்லூரிக்கும் போனது. கர்த்தர் எனக்கென்று எடுத்துக் கொடுத்தார் என்று நீ எத்தனை இடத்தில் சாட்சி சொல்லியிருக்கிறாய். பாப்பா, அன்றைக்குத் தட்டைப் பிடித்தவன் நான். நான் வெட்டிய அட்டைகள் அவை. ஒன்றன் ஓரத்தை மட்டும் நகத்தால் லேசாக மடித்து வைத்திருந்தேன். நீ வந்தபோது தட்டைத் திருப்பி அதை உன் விரலுக்கு நேராகக் கொண்டுவந்தேன். என் பிள்ளைக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்பன் சொன்னால் நம்ப மாட்டாய், கடவுள் சொன்னால் நம்புவாய் என்று நினைத்தேன். அவர் பெயரில் நான் பேசிவிட்டேன். அன்பினால் செய்தேன் என்று எழுத வருகிறது. அது உண்மைதான், ஆனாலும் தப்புத் தப்புதான்.

இரண்டு வருடம் கழித்து, நீ பாளையங்கோட்டையில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தபோது, பேச்சியம்மாளின் மகள் மாரீஸ்வரி இறந்துபோனாள். பேச்சியம்மாளை உனக்குத் தெரியும். கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து, விரல் வைத்து பைபிள் வாசிப்பாளே, அவள்தான். இப்போது இறந்த இரண்டு பெண்களின் ஊர்க்காரி. ஊரில் ஜெபக்கூட்டத்துக்கு வந்து வந்து, முப்பத்தைந்து வயதுக்குமேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். மாரீஸ்வரிக்குப் பத்தொன்பது வயது. தீபாவளி சீசனுக்குப் பட்டாசு மருந்து அடைக்கப் போனவள். வெடித்ததில் அந்த ரூம் முழுக்கத் தரைமட்டம். வீட்டுக்கு வந்ததைப் பற்றி எழுத மாட்டேன். பத்தாம் நாள் கோயில் சார்பில் நாங்கள் மூன்று பேர் ஆறுதல் சொல்லப் போனோம். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலி போட்டார்கள், நாங்கள் உட்கார்ந்தோம். ஒருவர் ஜெபித்தார், ஒருவர் பாட்டைத் தொடங்கிவிட்டு வரி மறந்து நிறுத்தினார். நான் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். உன்னுடைய அதே வசனம். திக்கல் குறைந்து உனக்குப் பலித்தது என்ற தைரியத்தில் எடுத்தேன். "அம்மா, இதைத் தினமும் வாசிங்க. யோபு புத்தகத்துல எட்டாம் அதிகாரத்துல இருக்கு. கர்த்தர் உங்க முடிவை நல்லாக்குவார்" என்றேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ் வாசலில் வந்து நின்றாள். லோடு இறக்குகிற இடத்தில், பேப்பர் கட்டுகளுக்குப் பக்கத்தில், பைபிளை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். "சாப்பிட்டீகளாம்மா?" என்று கேட்டேன். புத்தகத்தைப் பிரித்தாள்.

"ஐயா, நீக குடுத்த வசனத்தைத் தேடுனேன். எனக்கு நடுவுல இருந்து வாசிக்க வராது. மேல இருந்துதான் எழுத்துக் கூட்டி வருவேன். அப்படி வரயில, நீக சொன்ன இடத்துக்கு மேல இது இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

விரலை வைத்தாள். நாலாம் வசனம். உன் பிள்ளைகள் கடவுளுக்கு விரோதமாகப் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் அவர் அவர்களை அந்தப் பாவத்தின் கையில் விட்டுவிட்டார் என்கிற மாதிரி ஒரு பேச்சு. நான் அதைப் பார்த்தேன். பாப்பா, அந்த வசனத்தை அதற்கு முன்னால் நான் வாசித்ததே இல்லை. அதிலிருந்து மூன்றாவது வசனத்தை எத்தனை ஆயிரம் அட்டையில் அச்சடித்திருக்கிறேன், அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

"என் பிள்ளை என்ன பாவம் செஞ்சாய்யா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "வேலைக்குப் போகாதன்னுதான் சொன்னேன். கேக்கல. அதுவா?"

இல்லம்மா, இல்லம்மா என்று மட்டும் சொன்னேன். "அப்போ இது பொய்யா? நீக குடுத்தது மட்டும் நெசமா? ரெண்டும் ஒரே ஆளு பேசுறதுதான?" என்றாள். எந்தப் போதகரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. நீ கல்லூரியில் மூன்று வருடம் படித்ததை அவள் பிரஸ் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். பேசுகிற ஆள் யார், யாரிடம் பேசுகிறான், அவன் பேச்சை அந்தப் புத்தகமே கடைசியில் என்ன செய்கிறது? "எனக்குத் தெரியலம்மா. முழுசா வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "நீக வாசிச்சுச் சொல்ல வேண்டாம். நானும் கூட இருந்து வாசிக்கேன்" என்றாள்.

அப்படித்தான் யோபுவை முதல் அதிகாரத்திலிருந்து வாசித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் பெஞ்சில், உன் அம்மாவும் கூட இருக்க, வாரத்துக்கு இரண்டு அதிகாரம். அவள் வாசிப்பாள். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகும். எனக்குப் பொறுமை கிடையாது. அடுத்த வார்த்தையை நான் சொல்லிவிடுவேன். "சும்மா இருங்கய்யா, நானே வந்து சேருறேன்" என்பாள். காற்றடித்து வீடு இடிந்து யோபுவின் பத்துப் பிள்ளைகளும் செத்த இடம் வந்தபோது நிறுத்திவிட்டு, "ரூமு இடிஞ்ச மாதிரி" என்றாள். நண்பர்கள் மூன்று பேர் வந்து, ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்ற இடத்தில் என்னைப் பார்த்தாள். "இவுக நல்லவுகளாத்தான் வந்திருக்காக. வாயைத் திறந்த பெறகுதான் கெட்டுப்போச்சு" என்றாள். எனக்கு நாங்கள் போட்டு உட்கார்ந்த நாற்காலிகள் ஞாபகம் வந்தன. எட்டாம் அதிகாரம் மறுபடி வந்தது. நாலாம் வசனத்தையும் அட்டை வசனத்தையும் சொல்கிறவன் அந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத்; அவன் பேசுவதை முழுக்க வாசித்து முடித்து, "பேச்சு நல்லாத்தான் இருக்கு. பிள்ளை செத்த வீட்ல வந்து பேசுற பேச்சா இது?" என்றாள்.

ஐந்து மாதம் ஆனது கடைசி அதிகாரத்துக்கு. நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் அந்த நண்பர்கள் மீது கோபப்படுகிற இடத்தை அவள் இரண்டு முறை வாசித்தாள். "அப்போ அந்த ஆளு சொன்னது சரியில்லன்னு சாமியே சொல்லிருச்சா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "மாரி பாவம் செய்யல?" "இல்லம்மா." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்த ஆளு பேசுன பேச்சையா நீக அச்சடிச்சுக் குடுக்கீக?" என்று கேட்டாள். யோபுவுக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள் என்று அதன்பின் வருகிறது. "போன பிள்ளைக?" என்றாள். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருட ஜெபக்கூட்டத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசை. மறுநாள் முதலாளியிடம் போய், அந்த அட்டையை நிறுத்திவிடலாம் என்றேன். "என்ன வாத்தியாரே, அம்புட்டுப் பேரும் அதைத்தான கேட்டு வாங்குறாக. அதை எடுத்துட்டா ஆர்டரு வேற பிரஸ்ஸுக்குப் போயிரும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதற்குப் புரூப் பார்த்தேன். உன்னிடம் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தியதும் இதற்கெல்லாம் பிறகுதான். விருதுநகர் மார்க்கெட்டில் மிளகாய் வத்தல் கடை வைத்திருக்கிற நம் சபைக்காரர் ஒருவர், குடித்துத் தெருவில் கிடந்த தன்னை அந்த வசனம்தான் தூக்கிவிட்டது என்று இன்றைக்கும் அழுதுகொண்டே சொல்கிறார். அதை நான் என்ன செய்ய? அவரிடம் போய், அது பில்தாத் சொன்னது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தப்பான வாய் வழியாகவும் கடவுள் ஒரு மனிதனைத் தூக்கலாம். அதற்காக நாம் தப்பாகவே வாசித்துக்கொண்டிருக்கலாம் என்று ஆகாது. இதற்குமேல் எனக்குத் தெளிவில்லை. நீ படித்தவள், யோசித்துச் சொல்.

நீ ஆயராக அபிஷேகம் பெற்ற அன்று கோயில் நிறைய ஆட்கள். நீ ஒரு இடத்திலும் திக்காமல் அந்த அட்டையின் கதையைச் சொன்னாய். எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. திரும்பிப் பார்த்தேன், பேச்சியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "பாப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?" என்றாள். சொல்லணும் என்றேன். "எப்ப?" என்றாள். இப்போதுதான் சொல்கிறேன்.

பில்தாத் யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. பரீட்சைக்கு எழுதியிருப்பாய். ஆனால் பன்னிரண்டு வயதில் கையில் வந்த வசனத்தை யாரும் படிக்கிற கண்ணோடு திரும்பிப் பார்ப்பதில்லை. நானே கெடுத்து வைத்த கண் அது. உன் அழைப்பு அந்த அட்டையில் இல்லை என்று நான் நம்புகிறேன். திக்கிக்கொண்டே நீ ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாயே, அவர்கள் சிரிக்காமல் வாயைப் பிளந்து கேட்டார்களே, அதற்கு நான் தட்டைத் திருப்பவில்லை. அட்டையை எறிந்துவிடு என்று சொல்ல மாட்டேன். கோபம் ஆறிய பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு யோபுவை ஒருமுறை முதலிலிருந்து சத்தமாக வாசி. வேகமாக வாசிக்காதே. உனக்கு அடிக்குறிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன, எபிரெயு தெரியும், புது மொழிபெயர்ப்பும் பழையதும் வைத்து ஒப்பிடத் தெரியும். எல்லாவற்றையும் பயன்படுத்து, நான் இனிமேல் கத்த மாட்டேன். அவற்றோடு, அந்தப் பக்கத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாசித்தால் அவள் விரல் எங்கே நிற்கும் என்றும் பார்த்துக்கொள். எல்லாவற்றையும் சரியாக விளக்கிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருத்தியைக் கொல்லவும் முடியும். நான் கிட்டத்தட்ட அதைச் செய்தேன்.

ஆக, நீ கேட்ட இரண்டு வசனம் என்னிடம் இல்லை. நோட்டையும் அம்மா கையில் கொடுத்து அனுப்பவில்லை. சனிக்கிழமையே அந்த ஊருக்குப் போ. இரண்டு வீட்டுக்கும் போய்த் தரையில் உட்கார். அவர்கள் பேசினால் கேள், பேசாவிட்டால் சும்மா இரு. ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று அங்கிருந்து எழுந்து வந்தபிறகு முடிவு செய். நானும் ஆராதனைக்கு வருகிறேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன், உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

பேச்சியம்மாள் வழக்கம்போல மூன்றாவது வரிசையில் சுவரோரம் இருப்பாள். அந்த இரண்டு பெண்களின் அம்மாக்களும் இந்த முறை அவள் பக்கத்தில்தான் உட்காருவார்களாம். எட்டு நாளாக அவள் அந்த வீடுகளில்தான் படுத்துக்கொள்கிறாள். நீ எந்த வசனத்தைச் சொன்னாலும், சாயங்காலம் அவள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து பைபிளைப் பிரிப்பாள். நீ சொன்ன இடத்திலிருந்து வாசிக்க மாட்டாள் பாப்பா. மேலிருந்துதான் வருவாள்.

உன் அப்பா